புளியமரம் இருந்த இடத்தில் திரும்புங்கள்

திருச்சியில் சென்னை பஸ் ஏறுகிறவர்கள் பெரம்பலூர் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான். நாற்கரச் சாலையின் நடுவே அரளிச் செடிகள் ஓடும். வாலிகண்டபுரம் என்றொரு பச்சைப் பலகை வரும், போகும். இருபத்தைந்து வருடமாக அந்தப் பலகையைக் கடந்திருக்கிறேன், ஒருநாளும் இறங்கியதில்லை. “எக்ஸ்பிரஸ் அங்கல்லாம் நிக்காதுங்க” என்று நடத்துநர் சொல்வது ஒரு காரணம். இறங்கி என்ன செய்வது என்பது இன்னொரு காரணம்.

என்னை அங்கே இறக்கிவிட்டது, இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் தங்கை மகன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு போன் செய்தான். “மாமா, இன்னைக்குப் பன்னண்டு மைல் நடந்தோம். காசு கட்டி நடந்தோம்!” காட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பகுதியில் வழிகாட்டி ஒருவரோடு இருபது பேர் போயிருக்கிறார்கள். பீச் மரக்காடு, இறங்கினால் தேன் நிறக் கல்வீடுகள் உள்ள பழைய ஊர், அதன் தேவாலயம், மறுபடி காடு, கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடை. வழியெல்லாம் அந்தப் பெரியவர் சொல்லிக்கொண்டே வந்தாராம்: இந்த வீடு கம்பளி வியாபாரி கட்டியது, இந்தச் சுவர் இன்ன நூற்றாண்டு என்று. எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டான்: “நம்ம ஊர்ல எங்க மாமா இப்படி நடக்க முடியும்?”

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்குத்தான் சுருக்கென்றது. மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பெரம்பலூரில் டவுன் பஸ் பிடித்து, விடிந்தும் விடியாத நேரத்தில் நண்பர்கள் மூவரோடு வாலிகண்டபுரத்தில் இறங்கினேன். திட்டம் எளிமையானது. வாலீஸ்வரர் கோயிலில் தொடங்கி, வயல்வழியே நடந்து, ரஞ்சன்குடிக் கோட்டையில் முடிப்பது. நேராக நடந்தால் இரண்டு மணி நேரம் ஆகலாம். நாங்கள் நாலு மணி நேரம் எடுத்துக்கொண்டோம். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கோயில். ராமாயணத்து வாலி சிவனை வழிபட்ட தலம் என்பது ஊர்க்கதை. எதிரே நின்று சண்டை போடுகிறவனின் பலத்தில் பாதி தனக்கு வந்துவிட வேண்டும் என்று அவன் பெற்ற வரத்தை இந்த ஊரோடு சேர்த்துச் சொல்கிறார்கள். (இந்த வரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1751-க்கு வரும்போது தேவைப்படும்.) கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்துக்குப் போகின்றன; அதாவது தஞ்சைப் பெரிய கோயிலைவிட மூத்தது இங்குள்ள வழிபாடு. அருணகிரிநாதர் இந்த ஊருக்கு ஒரு திருப்புகழ் பாடியிருக்கிறார். அதில் ஊர்ப்பெயர் வாலிகொண்டபுரம். பழைய ஆங்கில ஏடுகளில் ‘வால்கொண்டா’ என்று வருவதும் இதுதான். நம்மூர்ப் பெயர்கள் அவர்கள் வாயில் பட்ட பாட்டில் இது ஒன்றும் பெரிய பாடில்லை.

காலை வெயில் சாய்வாக விழும்போது கல்வெட்டு எழுத்து தானே எழுந்து நிற்கும். நடுப்பகலில் போனால் வெறும் கருங்கல்தான். ஆறரை மணிக்கு வாலீஸ்வரர் சுவர் முன்னால் நின்றபோது, எழுத்து தெரிந்த நண்பர் விரலால் தொடாமல் காற்றிலேயே கோடு போட்டுப் படித்துக் காட்டினார். நிலம், விளக்கு, ஆடு. சோழர் காலக் கல்வெட்டில் பாதி கணக்கு ஆட்டுக் கணக்குதான். ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு கொடுப்பது அக்காலத்து வழக்கமான கணக்கு. நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே வீதியில் ஒரு பட்டி ஆடு மணியோசையோடு கடந்துபோனது. தொண்ணூற்றாறு இருக்காது. நாற்பது இருக்கும்.

கோயிலை விட்டு ஊருக்குள் நடந்தால் மசூதி, பழைய ஓட்டு வீடுகள், பஞ்சாயத்துக் கட்டடம், டீக்கடை. பார்த்தால் ஒரு சாதாரண நெடுஞ்சாலை ஊர். ஆனால் பதினேழாம் நூற்றாண்டில் இது ஒரு தலைநகரம் மாதிரி இருந்த ஊர். பீஜப்பூர் சுல்தானின் ஆளுநராக ஷேர்கான் லோடி இங்கிருந்துதான் ஆண்டான். கொள்ளிடத்துக்கு வடக்கே கடற்கரை வரை அவன் சொல்தான் செல்லுபடி. சோழமண்டலக் கரையில் காலூன்ற இடம் தேடிக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர்களுக்குக் கடலோரத்தில் ஒரு சின்னத் துறையில் தங்கிக்கொள்ள 1673-இல் அனுமதி கொடுத்தவன் அவனே. மறு ஆண்டு பிரான்சுவா மர்த்தேன் அங்கே வந்து சேர்ந்தார். அந்தத் துறைதான் புதுச்சேரி. பிரெஞ்சு இந்தியா என்றொரு கதை, நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கிற இந்த ஊரின் ஒரு சம்மதத்தில் தொடங்கியது. டீக்கடையில் இதைச் சொன்னேன். கடைக்காரர் டீயை ஆற்றியபடியே, “அப்ப பாண்டிச்சேரி சரக்குக்கும் நாங்கதான் காரணமா?” என்றார்.

ஷேர்கானின் ஆட்டம் நாலு வருடத்தில் முடிந்தது. 1677-இல் தெற்கே படையெடுத்து வந்த சிவாஜி, திருவதிகைப் பக்கத்தில் அவனைத் தோற்கடித்தார்.

ஏழரை மணிக்கு ஊரை விட்டு வடக்கே வயலில் இறங்கினோம். இந்தப் பக்கத்தில் கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வரும். கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும், மற்ற இடத்தில் சின்ன வெங்காயம். பெரம்பலூர் என்றாலே சந்தைக்காரர்களுக்குச் சின்ன வெங்காயம்தான். களத்து மேட்டில் ஆளுயரத்துக்குப் பட்டறை போட்டு, காற்று ஊடாடும்படி வெங்காயத்தை அடைத்து, மேலே ஓலையோ தார்ப்பாயோ போர்த்தி, நல்ல விலை வரும்வரை காவல் காக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது சின்னச் சின்னக் குடிசைகள் மாதிரி இருந்தன. பக்கத்தில் போனால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

அரை மணி நேரம் கழித்துப் பாதை காணாமல் போனது. வண்டிச்சக்கரத் தடம் தெளிவாக வந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் பூசிய மனைக்கற்கள் வரிசையாக, கல்யாணப் பந்தி மாதிரி. செல்போன் வரைபடத்தில் அந்த இடம் வெறும் சாம்பல் நிறம். பக்கத்துக் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டோம். (இங்கே ‘காடு’ என்றால் மானாவாரி நிலம், மரக்காடு இல்லை.) மடியில் பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்தார்.

“கோட்டைக்கா? இப்பிடியே வரப்புல போங்க. ஒரு புளியமரம் வரும். அங்கன சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க.”

பக்கத்தில் இருந்தவர் குறுக்கிட்டார். “அந்த மரந்தான் இல்லியே அக்கா. ரோடு போடறப்பவே வெட்டிட்டாங்கல்ல.”

“ஆமா, இல்ல. அது இருந்த எடத்துல திரும்புங்க.”

எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாமவர், “களஞ்சியத்துக் கெணறு தூந்த மேடு தெரியும் பாருங்க, அதுக்கு இந்தப் பக்கம்” என்றார். ஆக, இல்லாத ஒரு மரத்தையும் தூர்ந்த ஒரு கிணற்றையும் அடையாளமாக வைத்து நடந்தோம். வேடிக்கை என்னவென்றால், சரியாகவே போய்ச் சேர்ந்தோம். அந்தப் பெண்களின் தலைக்குள் இருக்கும் வரைபடம் செயற்கைக்கோள் எடுத்ததைவிடத் துல்லியமானது. ஒரே குறை, அதற்குப் பிரதி கிடையாது.

இந்த இடத்தில் இங்கிலாந்தைக் கொஞ்சம் நினைக்க வேண்டியிருக்கிறது. என் மருமகன் நடந்த பாதை யாரோ ஒரு பண்ணைக்காரரின் கோதுமை வயலுக்குள் போகிறது. ஆனால் அந்தப் பண்ணைக்காரரால் அதை வேலி போட்டு அடைக்க முடியாது. வேலி போட்டால் தாண்டிப் போக மரப்படியோ ஆள் மட்டும் நுழையும் கதவோ வைத்தாக வேண்டும். கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடந்து போகலாம், நீல அம்பு இருந்தால் குதிரையிலும் போகலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப் பதிவான பொதுப்பாதைகள் மட்டும் சுமார் 2,25,000 கிலோமீட்டர். இது பிரபுக்கள் மனமிரங்கிக் கொடுத்ததில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று, மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்கள் கின்டர் ஸ்கவுட் என்ற மலைமேட்டில் தடையை மீறி ஏறினார்கள். பிரபுக்கள் துப்பாக்கியோடு காட்டுக்கோழி வேட்டையாடுவதற்கென்று அடைத்து வைத்திருந்த மேடு அது. ஏறியவர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் சட்டம் வந்தது. ஊர் ஊராகப் பாதைகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் ஏற்றினார்கள். வரைபடத்தில் ஏறிய பாதையை யாரும் சும்மா அழித்துவிட முடியாது.

நம்மிடம் இது இல்லையா? இருக்கிறது என்பதுதான் கொடுமை. வீட்டில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நான்கெல்லை சொல்லி முடித்ததும் ‘மாமூல் வண்டிப்பாதை, வழிநடைப் பாத்தியம் உள்பட’ என்றொரு வாசகம் வரும். தலைமுறை தலைமுறையாக நடந்த தடம் என்பதற்கு நம் பத்திர எழுத்தர்கள் கண்டுபிடித்த சொல் அது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், ஊர் வழக்கத்தால் வரும் பாத்தியத்தையும் ஒப்புக்கொள்கிறது. கிராம வரைபடத்தில் புள்ளிக்கோடு போட்டு வண்டிப்பாதையும் நடைபாதையும் காட்டியிருப்பார்கள். ஆனால் இந்த உரிமையைப் பற்றிப் பேச்சு வருவது பங்காளிச் சண்டையில்தான். ‘என் கொல்லைக்கு டிராக்டர் போக வழி விடு’ என்ற வழக்கோடு அது நின்றுவிடுகிறது. ஊரைப் பார்க்க நடந்து வருகிறவனுக்கும் அந்தத் தடத்தில் இடம் உண்டு என்று யாரும் யோசித்ததில்லை. நடந்து வருகிறவன் என்று ஒருவன் இருப்பான் என்றே யோசிக்கவில்லை.

ஒருகாலத்தில் யோசித்தார்கள். சுமைதாங்கிக் கல், தண்ணீர்ப்பந்தல், சத்திரம், சாலையின் இருபுறமும் புளியமரம்: இவை எல்லாமே நடக்கிறவனுக்காக வந்தவை. நாற்கரச் சாலை வந்தபோது முதலில் போனதும் அவைதான். சாலைக்கு எதிராகப் பேசவில்லை. நானும் அதில் தூங்கிக்கொண்டு போகிறவன்தான்.

ஒன்பதரை மணிக்கு மேல் ரஞ்சன்குடிக் கோட்டை முழுசாகத் தெரிந்தது. பாறைமேல் உட்கார்ந்த கோட்டை. மூன்று அடுக்காக மதில், அரைவட்டக் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி. பதினேழாம் நூற்றாண்டில் கர்நாடக நவாப்பின் கீழிருந்த ஒரு ஜாகீர்தார் கட்டியது என்கிறது தொல்லியல் துறை; இன்று அந்தத் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கீழ்ப்பகுதி பேட்டை, உச்சி கோட்டைமேடு. இரண்டுக்கும் நடுவே சுரங்கவழி உண்டு. வெட்டிய கற்களைப் பொருத்தியிருக்கும் நேர்த்தியைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நிற்கலாம். நிழல் மட்டும் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் வந்தால் கோட்டை உங்களைப் பிடித்துவிடும்.

1751-இல் இந்தக் கோட்டையைப் பிடிக்க வந்தவர்கள் ஆங்கிலேயர்கள். ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் மோதிக்கொண்ட காலம். முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை, சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. திருச்சிக்கு வழி இந்த ஊர்தான் என்பதால் இரு படைகளும் இங்கே வந்து நின்றன. கேப்டன் ஜிஞ்சன்ஸ் தலைமையில் ஏறக்குறைய 500 ஐரோப்பியர், 100 ஆப்பிரிக்கர், 1,000 சிப்பாய்கள். கோட்டைக்கு அதிபதியாக இருந்த உள்ளூர் ஆளுநரோ பழம் தின்று கொட்டை போட்டவர். இரு தரப்புத் தூதரையும் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் தலையாட்டி, நாளைக் கடத்தினார். யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாமல் கதவைத் திறக்கிறவன் முட்டாள் என்பது அவர் கணக்கு. எனக்கு அந்தப் பெயர் தெரியாத மனிதரை மிகவும் பிடித்திருக்கிறது.

பொறுமையிழந்த ஆங்கிலேயர் பேட்டைக்குத் தீ வைத்தார்கள். கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. சினந்த ஆளுநர் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தார். அடுத்து நடந்த சண்டையில் ஆங்கிலேயரின் ஐரோப்பியப் படைப்பிரிவு பீதியில் கலைந்து ஓடியது. கூட வந்த ஆப்பிரிக்கப் படையினரும் நவாப்பின் ஆட்களும் களத்தில் நின்றார்கள் என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்மே எழுதி வைத்திருக்கிறார். 1763-இல் வெளியான புத்தகம் அது. தம் ஆட்கள் ஓடியதைத் தாமே பதிவு செய்த அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். வாலியின் வரம் ஞாபகம் இருக்கிறதா? எதிரில் வந்தவனின் பலத்தில் பாதி போய்விடும். அன்றைக்குப் பாதிக்கு மேலேயே போயிருக்கிறது.

ஓடியவர்கள் தெற்கே ஊட்டத்தூருக்கும், அங்கிருந்து திருச்சிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். இன்றைக்கு நம் பஸ் புறப்பட்டு வருகிற அதே திசை. அந்தப் படைக்குத் தானியக் கணக்குப் பார்க்கும் கமிசரியாக வந்திருந்தவர் ராபர்ட் கிளைவ் என்ற இளைஞர், இன்னும் 26 நிறையாதவர். இங்கே பட்ட அவமானத்துக்குப் பிறகு சில வாரங்களில் அவர் ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்துப் பெயர் வாங்கினார். மறு ஆண்டு, 1752-இல், இங்கே ஆங்கிலேயரைத் துரத்திய அதே பிரெஞ்சுத் தளபதி தொத்தேய் இதே வாலிகண்டபுரத்தில் அதே கிளைவிடம் சரணடைந்தார். பள்ளிப் புத்தகத்தில் ஆர்க்காட்டு முற்றுகை ஒரு பத்தி வரும். வாலிகண்டபுரம் வராது. தோற்ற இடத்தை ஜெயித்தவர்களின் புத்தகம் வேகமாகத் தாண்டிவிடும்.

இந்தக் கதையைக் கோட்டைமேட்டில், காற்று சட்டையைப் பிய்க்கும்போது கேட்க வேண்டும். கீழே பேட்டை கிடக்கிறது. தெற்கே நெடுஞ்சாலையில் லாரிகள் பொம்மை மாதிரி ஊர்கின்றன. மேற்கே பச்சைமலை நீலமாக, ஒரு நீண்ட பெருமூச்சு மாதிரிப் படுத்திருக்கிறது. மலையாளி பழங்குடியினர் வாழும் மலை. அருவியும் உண்டு, மரவள்ளியும் உண்டு. மரநிழலில் நடக்க ஆசைப்படுகிறவர்கள் அங்கேதான் போக வேண்டும், வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு. அது இன்னொரு நாள் நடை.

தென்கிழக்கே பார்த்தால் ஒன்றும் தெரியாது, சமவெளிதான். ஆனால் ஒருகாலத்தில் அங்கே கடல் இருந்தது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் காரை, குன்னம், அரியலூர் எல்லாம் கடலடி. சாத்தனூரில் 1940-இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் 18 மீட்டர் நீளத்துக்கு ஓடைக்கரையில் இன்றும் படுத்திருக்கிறது. ஆறு அடித்துக்கொண்டு வந்து கடலில் சேர்த்து, மணல் மூடி, கல்லான மரம். 2020-இல் குன்னம் பக்கத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. அம்மோனைட் என்ற பழங்கடல் உயிரியைச் சுற்றிப் படிந்த உருண்டைகள் என்று நிபுணர்கள் சொன்னதும் கூட்டம் கலைந்தது. எனக்கு அது புரியவில்லை. வயலில் கடல் கிடக்கிறது என்பது முட்டையைவிடச் சின்னச் செய்தியா?

இப்படியெல்லாம் நடத்திக் காட்ட ஆள் வேண்டாமா என்று கேட்கலாம். மதுரையில் இருக்கிறார்கள். 2010-இல் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் யோசனை கிளம்பியபோது, எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணனும் நண்பர்களும் ‘பசுமை நடை’யைத் தொடங்கினார்கள். தொல்லியலாளர்கள் வெ. வேதாசலமும் சொ. சாந்தலிங்கமும் சமணக் குகைகளில் நின்று பேச, பள்ளிப்பிள்ளைகள் முதல் பாட்டிகள் வரை ஞாயிறு விடிகாலையில் மலை ஏறினார்கள். பேச்சு முடிந்ததும் மரத்தடியில் இட்லி. நடந்து பழகியவர்கள் அந்த மலைகளுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிப்போனார்கள். கல் உடைக்க வருகிறவனை முதலில் பார்ப்பது, அங்கே அடிக்கடி நடக்கிறவன்தானே?

வாலிகண்டபுரத்துக்கு வழிகாட்டி படித்துப் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. பருத்திக்காட்டில் வழிசொன்ன அம்மாவை முன்னே நடக்கவிட்டு, கல்வெட்டு தெரிந்த ஒருவரைக் கூட அனுப்பினால் போதும். கூலி மட்டும் பருத்தி எடுக்கும் கூலியைவிட அதிகமாக இருக்க வேண்டும். கிராம வரைபடத்தின் புள்ளிக்கோட்டைத் தரையில் தேடிப்பிடித்து, வேலி போட்ட இடத்தில் ஆள் நுழையும் சந்து வைக்கச் சொல்லலாம். கிராமசபையில் இரண்டு வரித் தீர்மானம். கோட்டையைச் செப்பனிட ஆகும் செலவில் இது தூசு.

வெயில் ஏறிவிட்டது. கோட்டையிலிருந்து இறங்கி, நெடுஞ்சாலையோரம் ஒரு கடையில் நுங்கு கிடைக்குமா என்று கேட்டோம். “மாசியில எங்கிங்க நுங்கு?” என்று சிரித்து, மோர் கொடுத்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் படங்களை மருமகனுக்கு அனுப்பினேன். உடனே பதில்: “சூப்பர் மாமா! டிசம்பர்ல வர்றேன். ரூட் அனுப்புங்க, மேப்புல காட்டவே மாட்டேங்குது.”

நினைவில் இருந்தபடி எழுதி அனுப்பினேன். கோயிலில் தொடங்கு. வடக்கே வயலில் இறங்கு. வெங்காயப் பட்டறைகளைத் தாண்டு. கம்பிவேலி வந்தால் வரப்பில் ஏறு. புளியமரம் இருந்த இடத்தில் சோத்தாங்கைப் பக்கம் திரும்பு.

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தபோது போன் அதிர்ந்தது.

“எந்த மரம் மாமா?”